புள்ளி இருந்தது, புரோகிராம் நிற்கவில்லை

கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்த சின்ன கம்பெனி அது. கீழ்வீட்டில் குழம்பு தாளித்தால் மேலே நாங்கள் தும்முவோம். பிரான்சில் ஒரு நிறுவனம் புதிதாக ஒரு டிபக்கர் தயாரித்துக்கொண்டிருந்தது. அதைச் சோதித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

டிபக்கர் என்பது புரோகிராமர்கள் தங்கள் புரோகிராமில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கான கருவி. ஒரு வரியின் ஓரத்தில் மவுஸால் தட்டினால் அங்கே சிவப்பாக ஒரு புள்ளி விழும். பிரேக்பாயிண்ட் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அந்த வரிக்கு வந்ததும் நிற்க வேண்டும். நின்றால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியும்.

இந்த நிறுத்தங்களுக்கு டெஸ்ட் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆள் உட்கார்ந்து தட்டிப் பார்க்காமல், தானே புள்ளி வைத்து, தானே புரோகிராமை ஓடவிட்டு, சரியான வரியில் நின்றதா என்று பார்த்து பாஸ், ஃபெயில் சொல்லும் சிறு புரோகிராம்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எதையும் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு டெஸ்ட் மட்டும் அவ்வப்போது ஃபெயில் ஆனது. ஓடி முடிந்த புரோகிராமை அப்படியே மறுபடி ஓடவிட்டால், சில நேரம் அது புள்ளியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். திரையில் புள்ளி மட்டும் சிவப்பாக, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்திருக்கும். எங்கள் டீம் லீடரைக் கூப்பிட்டு நேரிலேயே காட்டினேன். "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பார்த்தால் எல்லா டெஸ்ட்டும் பாஸ். சந்தோஷப்படாமல் உள்ளே திறந்து பார்த்தேன். என் டெஸ்ட்டில் கடைசிப் பகுதியை அவர் மாற்றியிருந்தார்.

"சார், என் டெஸ்ட்ட மாத்திட்டீங்களா?"

"ஆமாம்மா. வெள்ளிக்கிழமை கஸ்டமர் கால் இருக்கில்ல. எல்லாம் பாஸ் ஆகணும்."

"இது புள்ளி இருக்கான்னு மட்டும்தான சார் பாக்குது. நின்னுச்சான்னு பாக்கலியே."

"புள்ளி இருந்தா நிக்கும்மா."

"நிக்கலன்னு நேத்து உங்க கண்ணு முன்னாடிதான காட்டனேன்?"

"அது எப்பவோ ஒரு தடவ. சின்ன விஷயத்த ஊதிப் பெருசாக்காத."

எப்போதோ ஒரு தடவையாம்! அந்த ஒரு தடவையில் மாட்டுகிறவனின் கதி என்ன? புரோகிராம் நிற்கவில்லை, அப்படியானால் இந்த வரிக்கு அது வரவே இல்லை என்று நம்புவான். தப்பு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் நாள் முழுக்கத் தேடுவான். தன்னைத்தான் சந்தேகப்படுவானே தவிர, கருவி பொய் சொல்லும் என்று நினைக்கமாட்டான். இதில் கொடுமை, அந்த டெஸ்ட்டின் தலைப்பில் எழுதியவர் என்று இருந்தது என் பெயர். அவர் மாற்றினார், பெயர் மட்டும் என்னுடையது.

பக்கத்து சீட்டில் என் தோழி. கனகசெட்டிக்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். "ஒனக்கு எதுக்குடி வம்பு? அவரு சொன்னாரு, அவரு பாத்துக்குவாரு. பேசாம இரு" என்றாள். இருந்தேன், வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று மேஜை நடுவில் ஸ்பீக்கர் போனை வைத்துக்கொண்டு டீம் லீடர், தோழி, நான் மூவரும் உட்கார்ந்தோம். டீம் லீடர் இங்கிலீஷில் முடிவுகளை வாசித்தார். எல்லாம் பாஸ், எல்லாம் பாஸ். அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் குரலைத் தாழ்த்திப் பக்கத்தில் இருந்தவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எங்கள் டீம் லீடர் சென்னைக்காரர். அவருக்கு அது வெறும் சத்தம். நான் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரிலேயே பிளஸ் டூ படித்தவள். மார்க் அள்ளலாம் என்று பிரெஞ்சு எடுத்த கூட்டத்தில் ஒருத்தி. பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது: 'மறுபடி ஓடவிட்டால் நிற்பதில்லை என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் எப்படிப் பாஸ் ஆகிறது? சோதிக்கத் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டோமோ?'

தெரியாதவர்களா! காது சூடாகிவிட்டது.

"நோன், முசியே" என்றேன், இல்லை ஐயா என்று. அந்தப் பக்கம் பேச்சு அப்படியே நின்றது. ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக, எனக்கு வந்த பிரெஞ்சில் சொன்னேன். நாங்களும் பார்த்தோம், நிற்கவில்லை. நான் எழுதிய டெஸ்ட் ஃபெயில் ஆனது. உங்களுக்கு வந்திருப்பது அந்த டெஸ்ட் இல்லை. பிறகு அதையே இங்கிலீஷிலும் சொன்னேன், எங்கள் டீம் லீடருக்கும் புரியட்டும் என்று.

போனை வைத்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? கஸ்டமர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே!"

"நிக்காதத நிக்குதுன்னு சொன்னதுலயே அது போயிடுச்சு சார்."

பழைய டெஸ்ட்டையே அனுப்பச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். அனுப்பினேன். அதை வைத்துத்தான் கோளாறைப் பிடித்தார்கள். திருத்தி வந்த டிபக்கரில் அந்த டெஸ்ட்டை மாலை வரை திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் புரோகிராம் நின்றது. அந்த ஒரு நாள் மனசு நிறைந்திருந்தது.

பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் ஆறவில்லை. 'வெளிப்படையாகச் செயல்பட்டதற்கு' நன்றி சொல்லி அவர்கள் மெயில் அனுப்பினார்கள், டீம் லீடருக்கு. அவரும் வாங்கிக்கொண்டார். அந்த வருஷத்து அப்ரைசலில் எனக்குக் கிடைத்தது, 'குழுவோடு ஒத்துப்போவதில்லை' என்ற ஒரு வரி. கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். தோழி மதிய சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அவள் மேல் கோபமில்லை. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

சில மாதங்களில் நானே வெளியே வேலை தேடினேன். இன்டர்வியூ எடுத்த பெண்மணி இருக்கிற வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு டெஸ்ட்டுக்காகவா?" என்று சிரித்தார்.

"ஆமா மேடம், ஒரு டெஸ்ட்டுக்காகத்தான்" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.