கல்லூரிகளுக்கு அக்கா போட்ட மார்க்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் நானும் அக்காவும் மூன்று கல்லூரிகளைப் போய்ப் பார்த்தோம். எண்பதுகளின் பின்பாதி அது. சேர்வதற்கு முன்பே கல்லூரியைச் சுற்றிப் பார்க்கிற வழக்கம் ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. அப்ளிகேஷன் போடுவார்கள், கிடைத்த இடத்தில் சேர்வார்கள். பெண் பிள்ளைகளில் பலருக்கு அதுவும் இல்லை.

எனக்கு அப்படி விட முடியாது. குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் என் வலது கால் சூம்பிப் போனது. இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த காலிப்பர் மாட்டி, இடது கையில் ஒரு கம்பை ஊன்றி நடப்பேன். சமதரை என்றால் நன்றாகவே நடப்பேன். மாடிப்படிதான் சிரமம்.

நான் படிக்க ஆசைப்பட்டதோ வேதியியல். பள்ளிக்கூடத்து லேபில் சோதனைக் குழாயின் ஓரமாக அமிலத்தை மெல்ல இறக்கும்போது நடுவில் ஒரு பழுப்பு வளையம் தோன்றி அசையாமல் நிற்கும். அதை முதன்முதலாக என் கையால் வரவழைத்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா லாரி செட் ஒன்றில் வேலை பார்த்தார். அவருக்கு அஞ்சல் வழிப் படிப்பே போதும் என்று பட்டது. "வீட்டுல இருந்தே பி.ஏ. முடிச்சிரலாம் தாயி. போக வர உனக்குத்தான செரமம்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"கெமிஸ்ட்ரியத் தபால்ல அனுப்புவாகளாப்பா?" என்று கேட்டது அக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நூல் மில்லில் கோன் வைண்டிங்குக்கு, அதாவது கூம்புகளில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "பொண்ணு பாக்க வாரவிய கெணத்தடி வரைக்கும் எட்டிப் பாத்துட்டுப் போறாவ. மூணு வருசம் இவ இருக்கப்போற எடத்த நாம பாக்க வேண்டாமா? என் லீவு நாள்ல நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். சம்மதம் என்று அர்த்தம்.

முதல் கல்லூரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெயர் எதற்கு? ஆபீசில் இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவிடம் பேசினார். "லேபு மாடியில இருக்கும்மா. இந்தப் பிள்ளைக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு? தமிழ், ஹிஸ்டரி எல்லாம் கீழதான். அதுல போடச் சொல்லு."

"படிக்கப்போறது அவதான் சார். அவகிட்டயே கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "கெமிஸ்ட்ரி சார்" என்றேன். அவர் மேசையில் இருந்த காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். "நீ இங்கனயே செத்த நேரம் நில்லு. மொதல்ல நான் பாத்துட்டு வாரேன்." மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், கட்டிடத்தைச் சுற்றி ஓடினாள். விடுமுறை என்பதால் கேட்க ஆளில்லை. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"படி செங்குத்தா இருக்கு. பிடிக்க ஒரு கம்பி கெடையாது. கக்கூஸு அந்தா அந்தக் கோடியில. மழை பேஞ்சா அம்புட்டும் வழுக்கும்."

"அப்ப என்னக்கா செய்ய?"

"என்ன செய்யவா? இந்தக் காலேஜு பெயிலுட்டி. வா, போவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். விளையாட்டு பீரியட், பள்ளிக்கூடச் சுற்றுலா, கும்மி என்று எதிலும் தகுதியில்லாமல் போவது நான்தான். ஒரு கட்டிடமும் தகுதியில்லாமல் போகலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த வாரம் இரண்டாவது கல்லூரி. உள்ளே நுழைந்ததுமே அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. மாடி என்பதே இல்லை. நீளநீளமான ஓட்டுக் கட்டிடங்கள், நடுவில் வேப்பமரங்கள், வகுப்பை ஒட்டியே குழாயடி. அக்கா ஒவ்வொரு சன்னலாக எட்டிப் பார்த்து, "எம்புட்டுப் பெரிய ரூமு பாரேன்" என்று பூரித்தாள். வேப்பமரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். சாப்பிட்டு முடிக்கும்போது அந்தப் பக்கமாக வந்த வாட்ச்மேனிடம் கெமிஸ்ட்ரி லேப் எங்கே என்று கேட்டோம்.

"இங்க சயின்ஸே கெடையாதேம்மா. காமர்ஸும் எகனாமிக்ஸும்தான்."

அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "கட்டிடம் பாஸு. பாடம் பெயிலு." வரும் வழியெல்லாம் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மூன்றாவது கல்லூரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாற வேண்டும். இறங்கியதும் எதிரிலேயே வாசல், அதுவரை நல்லது. ஆனால் இங்கேயும் லேப் மாடியில்தான். படிகள் அகலமாக இருந்தன, ஒரு பக்கம் இரும்புக் கம்பி ஓடியது. அக்கா முந்தானையைச் செருகப் போனாள். "இரு அக்கா, நானே ஏறிப் பாக்கேன்" என்றேன்.

கம்பை அவளிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தேன். நல்ல காலை முதலில் வைத்து, காலிப்பரை இழுத்து, நின்று, மறுபடி ஏறினேன். அக்கா ஒரு படி பின்னால், என்னைத் தொடாமல், இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தாள்.

மேலே போனதும் கம்பை வாங்கிக்கொண்டேன். லேபில் ஒரு பேராசிரியை மருந்துப் பாட்டில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காலிப்பரின் சத்தம் கேட்டுத் திரும்பினார். "என்ன வேணும்?"

"இங்க கெமிஸ்ட்ரி படிக்கணும் மேடம். அதுக்கு முன்னாடி எடத்தப் பாக்க வந்தோம்."

"பாக்க வந்தீங்களா?" கண்ணாடியைக் கழற்றினார். "சேந்த பிறகுதான் எல்லாரும் பாப்பாங்க." பிறகு என் கம்பைப் பார்த்தார். "ஒரு கையில கம்பு இருக்கு. ரெண்டு கை வேலைய எப்படிச் செய்வே?"

"காட்டட்டுமா மேடம்?"

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு பியூரெட்டையும் பிப்பெட்டையும் குடுவையையும் எடுத்து வைத்தார். கம்பை மேசையோரம் சாய்த்தேன். இடுப்பை மேசை விளிம்பில் கொடுத்து நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் வேலையைத் தொடங்கினேன். கடைசியில் ஒற்றைச் சொட்டில் குடுவைக்குள் வெளிறிய ரோஸ் நிறம் பரவி நின்றது. அதுதான் நிறுத்த வேண்டிய இடம். அடுத்த சொட்டு விழாமல் பியூரெட்டின் திருகை மூடினேன்.

"சரி, உயரமான ஸ்டூல் ஒண்ணு வேணும். வேற?" என்றார் அவர். பாராட்டெல்லாம் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

"மத்த வகுப்பெல்லாம் கீழ நடந்தா லேபுக்கு மட்டும் ஏறிக்குவேன் மேடம்."

"அது என் கையில இல்ல. பிரின்சிபால் ரூம்ல இருக்கார். போய்க் கேளுங்க."

அறை வாசலில் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் கேக்கேன்க்கா" என்றேன். உள்ளே போய் நானே கேட்டேன். பிரின்சிபால் முழுவதையும் கேட்டுவிட்டு, "சீட்டு மார்க்குக்குத்தாம்மா. அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

"மார்க்குல எதுவும் கேக்கல சார். ரூம் மட்டும்தான் கேக்கேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சீட்டு கிடைச்சா ரூம் கீழ வரும்" என்றார்.

மார்க் வந்தது, சீட்டும் வந்தது. சேர்ந்த அன்று, நூலகத்தை ஒட்டிய கீழ் அறையின் கதவில் முதலாண்டு வேதியியல் என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். லேபில் எனக்கு உயரமான ஸ்டூல் போட்டிருந்தது. சொன்னபடி வாரத்துக்கு இரண்டு முறை மாடி ஏறினேன். கூட வந்த பிள்ளைகளிடம் என் நோட்டை மட்டும் கொடுப்பேன், கையைக் கொடுக்க மாட்டேன்.

முதல் மாதத்தில் ஒரு நாள் லேபில் சில்வர் நைட்ரேட் விரல்களில் பட்டுவிட்டது. பட்டபோது ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது வெயில் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போனது. மில்லில் ஷிப்ட் விடுகிற நேரம் என்பதால் அக்காவோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று மில் வாசலில் இறங்கினேன். அக்கா தன் கூட்டாளிப் பெண்களோடு தலையில் பஞ்சு ஒட்டியபடி வெளியே வந்தாள். என் விரல்களைப் பார்த்துப் பதறி, விஷயத்தைக் கேட்டதும் அப்படியே என் கையைப் பிடித்துத் தூக்கி அவர்கள் எல்லோருக்கும் காட்டினாள்.

யாராக இருந்தாலும் முதலில் என் காலைத்தான் பார்ப்பார்கள். அன்று அத்தனை பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னட்டி இது, மருதாணியா?" என்றாள் ஒருத்தி.

"மருதாணியா? சில்வர் நைட்ரேட்டு!" என்றாள் அக்கா, ஒரு நிமிடத்துக்கு முன் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சொல்லை. "என் தங்கச்சி கெமிஸ்ட்ரி படிக்கா. சோப்புப் போட்டாலும் போகாது."