வாய் எண்பது, வண்டி நாற்பது

போன வருஷம் பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கிருந்து இறால் லோடு ஏற்றிக்கொண்டு நானும் என் மனைவியும் சென்னை மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போலீஸ்காரர் கை காட்டி, வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. அடுத்தவர் படகில் கூலிக்கு வலை இழுத்து, பிறகு சொந்தப் படகு வாங்கி, அதற்கப்புறம் இந்தக் குட்டியானை லோடு வண்டியையும் வாங்கினேன். இன்று எங்கள் குப்பத்து இறாலில் பாதி என் பெட்டியில்தான் ஏறுகிறது. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. ஏரியில் எந்த மாதம் எந்த இடத்தில் இறால் படும் என்று கரையில் நின்றபடியே சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டே பேர். ஒருவர் நான். இன்னொருவர் இறந்துவிட்டார்.

ஆனால் வண்டி வாங்கியும் பல வருஷம் அதை நான் ஓட்ட முடியவில்லை. எட்டாம் வகுப்பு படித்திருந்தால்தான் லோடு வண்டிக்கு லைசென்ஸ் என்று அப்போது சட்டம். என் வண்டியிலேயே நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவேன். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் என்னைப் பார்த்து, கதவைச் சரியாகச் சாத்து என்பார். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட வாரமே நான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் வரிசையில் நின்றேன். ரோட்டில் வைத்திருக்கும் பலகைப் படங்களை எல்லாம் ஒரு தாளில் வாங்கி, ஐஸ் பெட்டி மூடியில் ஒட்டி வைத்தேன். இறால் தரம் பிரிக்கும்போது என் மனைவி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்பாள். பரீட்சையில் கேட்ட அத்தனைக்கும் சரியாகச் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில், பரீட்சை எழுதாமல் வாயால் சொல்லி வாங்கிய லைசென்ஸ். நான் பாஸ் பண்ணினேன் என்று இந்த உலகத்தில் சொல்கிற ஒரே காகிதம் அதுதான்.

அதைத்தான் அங்கே நின்ற சப்-இன்ஸ்பெக்டர் வாங்கி அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரோட்டோரம் ஒரு முக்காலியில் வேகம் பார்க்கிற மிஷினை நிறுத்தியிருந்தார்கள். அதில் என் வண்டி எழுபத்தெட்டில் வந்ததாகப் பதிவாகியிருந்தது. அந்த இடத்தில் நாற்பதுதான் போகலாம். படமும் காட்டினார். என் வண்டிதான், என் நம்பர்தான், ஓரத்தில் 78 என்று இருந்தது. எழுத்து எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. அபராதம் கட்டினால் மட்டும் போதாது, லைசென்ஸை மூன்று மாதம் முடக்கச் சொல்லி எழுதி அனுப்பப்போகிறேன் என்றார். மூன்று மாதம் திரும்பவும் அந்தப் பக்கத்து சீட்டு.

நான் நாற்பதில்தான் வந்தேன் ஐயா என்றேன். பலகையைப் பார்த்ததும் குறைத்துவிட்டேன் என்றேன். சிவப்பு வட்டத்துக்குள் எண் இருந்தால் அதற்கு மேல் போகக்கூடாது என்று அந்தப் பலகைக்கு அர்த்தமும் சொன்னேன். அவர் என் வண்டியின் பின்பக்கம் போனார். அங்கே நான் ஆசையாகப் பெயிண்டரை வைத்து எழுதியிருந்தேன்: 'முடிஞ்சா முந்திப் பார்.' அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, உங்கள் ஊரிலிருந்து மார்க்கெட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் பெரியவரே என்று கேட்டார். பக்கத்தில் இன்னொரு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்துக் குப்பத்து இறால் வியாபாரி. எனக்கும் அவருக்கும் எப்போதும் போட்டி. அவர் காதில் விழட்டும் என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"முக்கா மணி நேரம் சார். ஐஸ் உருகறதுக்குள்ள போய் நின்னுடுவேன்."

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. சப்-இன்ஸ்பெக்டர் மெல்லச் சிரித்தார். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படிப் போக வேண்டுமானால் வழி முழுக்க எழுபதுக்கு மேல் போனால்தான் முடியும், மிஷின் சொன்னதையே நீங்களும் சொல்லிவிட்டீர்கள் என்றார். வாயைத் திறந்து வலைக்குள் தானே போய் விழுகிற மீனைப் பார்த்திருக்கிறேன். அன்று நானே அப்படி விழுந்தேன்.

அதுவரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்த என் மனைவி அப்போதுதான் இறங்கி வந்தாள். இறால் தண்ணீர் பட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சார், இவுரு வாயிதான் எம்பதுல போவும். வண்டி நாப்பதுக்கு மேல போனா இவுருக்கே வயித்தக் கலக்கும். மார்க்கெட்டுக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். நடுவுல ரெண்டு டீ வேற."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பக்கத்துக் குப்பத்து வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ரோட்டில் பள்ளம் இருந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் லைசென்ஸ் அவர் பையில் இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் சார், ரெண்டு மணி நேரம்தான், முக்கால் மணி நேரம் என்பது சும்மா சொல்வது என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது என்னை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான். ஆனாலும், நீங்கள் இரண்டு பேரும் சொல்வது வாய்ச் சாட்சி, என்னிடம் இருப்பது மிஷின், எதை நான் நம்புவது என்றார். அந்த நேரம் பார்த்து, எங்களைக் கை காட்டி நிறுத்திய கான்ஸ்டபிள் வேறு சத்தம் போட ஆரம்பித்தார்.

"இன்னா பெரிசு, ரோடு பூரா மீன் தண்ணிய ஊத்திக்கினே வந்துக்கிறே? அதுக்குத் தனியா ஒரு கேஸ் போடணும்."

உண்மைதான். என் ஐஸ் பெட்டியில் அடியில் ஓர் ஓட்டை. ஐஸ் உருகிய தண்ணீர் அதன் வழியாக நூல் பிடித்த மாதிரி ஒழுகும். அடைக்க வேண்டும், அடைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். அவர் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த வழியில், தாரில் ஒரு கறுப்புக் கோடு நீண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஏன் என்றால், அந்தக் கோட்டை எனக்குப் படிக்கத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் ஒருநாள் கயிறு அவிழ்ந்து ஒரு பெட்டி வழியில் விழுந்துவிட்டது. தேடிக்கொண்டு அந்தத் தண்ணீர் அடையாளத்தைப் பிடித்தே இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வண்டி மெதுவாகப் போன இடத்தில் எல்லாம் தண்ணீர் கோடாக விழுந்திருந்தது. வேகமாகப் போன இடத்தில் காற்று அடித்துச் சிதறி, புள்ளி புள்ளியாகக் கிடந்தது. நாற்பது என்றால் கோடு, அறுபது என்றால் புள்ளி. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

இதை சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. எங்களைப் பார்த்த பிறகு நீங்கள் வேகத்தைக் குறைத்திருப்பீர்கள், அதனால் இங்கே கோடு விழுந்திருக்கும் என்றார். சரியான கேள்விதான். அப்படியானால் படத்தில் என் வண்டி எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். அதையும் தாண்டி நாற்பது பலகை வரைக்கும் போய்ப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் என் சாட்சி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் கோடு வெளிறத் தொடங்கிவிட்டது. என் சாட்சி என் கண் முன்னாலேயே காய்ந்துகொண்டிருந்தது.

என் மனைவிக்கு மூளை வேகம். "சார், போன்ல படம் எடுத்துக்கோ, காஞ்சுப் பூடும்" என்றாள். அவர் போனை எடுத்துக்கொண்டு ரோட்டின் ஓரமாகவே பலகைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அவள் கூடவே போனாள். போகிற போக்கில் சப்-இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, பெரியவர் வண்டியில் ஏறி சர்வீஸ் ரோட்டில் நாற்பதிலும் அறுபதிலும் ஓட்டச் சொல்லிப் பார், கோடா புள்ளியா என்று வந்து சொல் என்றார்.

கான்ஸ்டபிள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்து சீட்டில் ஏறினார். கதவைச் சரியாகச் சாத்துங்கள் சார் என்று நான் சொன்னேன். அதைச் சொல்ல நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

நாற்பதில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். அவர் முள்ளைப் பார்த்து நாற்பது நாற்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் அறுபதுக்கு ஏற்றினேன். வண்டி நடுங்கியது, பெட்டிகள் தடதடத்தன, கான்ஸ்டபிள் போதும் போதும் என்றார். எனக்கும் போதும் என்றுதான் இருந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பி மெதுவாக வந்து, இறங்கிப் பார்த்தோம். முதலில் ஓட்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கோடு. அடுத்த இடத்தில் பொட்டு வைத்த மாதிரி புள்ளிகள். கான்ஸ்டபிள் கீழே உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தண்ணிலயே எழுதி வச்சுக்கிறியே நைனா" என்றார். பெரிசு என்றவர் நைனா என்றார். அப்பா என்று கூப்பிட்ட மாதிரி. நான் அப்போதே பாதி ஜெயித்துவிட்டேன்.

நாங்கள் திரும்பியபோது சப்-இன்ஸ்பெக்டர் மிஷின் பக்கத்தில் நின்று தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் சொன்னதைக் கேட்டார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். அவர் எடுத்த படத்தில் நாற்பது பலகைக்கு அந்தப் பக்கம் எல்லாம் புள்ளி; அங்கே நான் என் மனைவி சொன்ன நாற்பதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். பலகைக்கு நேராக வந்ததும் புள்ளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கோடாக மாறியிருந்தன. மிஷின் என்னைப் பிடித்த இடத்திலும் கோடுதான். போலீஸ் நிற்பது கண்ணுக்கே தெரியாத இடத்தில், பலகையைப் பார்த்ததற்காக மட்டும் நான் வேகத்தைக் குறைத்திருக்கிறேன் என்று அந்தத் தண்ணீர் சொன்னது.

அப்புறம் அவர் மிஷினில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் வண்டிக்குப் பின்னால், வலது ஓரத்தில், ஒரு வெள்ளைக் காரின் மூக்கு தெரிந்தது. எங்களை ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனதே, அந்தக் கார்தான் என்று என் மனைவி சொன்னாள். அதன் வேகம் என் படத்தின் மேல் ஏறிவிட்டது. மிஷினை வேறு இடத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து என் லைசென்ஸை எடுத்து, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துக் கொடுத்தார்.

"எத்தனாவது படிச்சீங்க பெரியவரே?"

"மூணாவது சார். அதுவும் பாதி."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போலீஸ் யூனிபார்ம் போட்ட கை. நான் விடவே இல்லை.

பக்கத்துக் குப்பத்து வியாபாரியும் குதித்து ஓடி வந்தார். சார், என் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள் என்றார். பெரிதாக்கினார்கள். அதில் அவர் வண்டி மட்டும்தான் இருந்தது.

ஓட்டையை அடைக்காமல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லித்தான் சப்-இன்ஸ்பெக்டர் எங்களை அனுப்பினார். அடைத்துவிட்டேன். இப்போது பெட்டிக்கு அடியில் ஒரு குழாய் வைத்து, தண்ணீரை கேனில் பிடிக்கிறேன். பின்பக்கம் எழுதியிருந்ததையும் பெயிண்ட் அடித்து மறைத்தாயிற்று. இந்தக் கதையை நான் மார்க்கெட்டில் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வியாபாரி எனக்கு முன்பே போய் அவருக்குத் தேவையான பாதியை மட்டும் சொல்லிவிட்டார். அதனால் அங்கே எனக்கு இப்போது 'ரெண்டு டீ' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். ஜெயித்தவனுக்குக் கோபம் எதற்கு?

கோடு போட்டுச் சாட்சி சொல்ல இனி என் வண்டியில் தண்ணீர் ஒழுகாது. ஆனாலும் அந்த நாற்பது பலகை வரும்போதெல்லாம் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது. அறுபது வருஷமாக என் வாயால்தான் நான் ஆளானேன் என்று நினைத்திருந்தேன். அன்று வாய் என்னைக் காட்டிக்கொடுத்தபோது, யாரும் பார்க்காத இடத்தில் என் கால் செய்த வேலைதான் என்னைக் காப்பாற்றியது.