பக்கம் 211 முதல் 219 வரை

நியமன ஆணையில் இப்படி இருந்தது: “மேற்கோள் தரக் கட்டுப்பாட்டு அலுவலர். ஆய்வுக் கட்டுரைகளில் சுட்டப்படும் ஒவ்வொரு மூலத்தையும் நேரில் பார்த்துச் சரிபார்த்து, அதன் உண்மைக்குச் சான்றளிக்கும் துறை வல்லுநர்.”

அந்த வல்லுநர் படித்தது வணிகவியல். அதற்கு முன் பார்த்த வேலை, ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வாய் திறக்க வேண்டும் என்று எழுதிவைப்பது. மூலம் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, பெரியம்மா ஒருத்தி அவள் வேறொரு மருத்துவரிடம் மாறிவிட்டதாகவே புரிந்துகொண்டாள்.

இதழ் மண்ணைப் பற்றியது. மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில். கட்டுரை எழுதுகிறவர்கள் மண்ணைப் பற்றி எல்லாம் அறிந்தவர்கள், கமாவைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். கடைசிப் பக்கங்களில் அவர்கள் கொட்டிவைக்கும் நூற்பட்டியலை அவள் பொறுக்கிக் கழுவி அடுக்குவாள். பெயருக்குப் பின் கமா, ஆண்டுக்கு அடைப்புக்குறி, இதழின் பெயர் சாய்வெழுத்தில், பிறகு தொகுதி, பக்க எண், முற்றுப்புள்ளி. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கமாக்கா. எந்த மூலத்தையும் அவள் நேரில் பார்த்ததில்லை. பார்க்க நேரம் கொடுத்தவரும் இல்லை.

மற்றபடி கெட்டிக்காரி. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடத் தேதியைப் பார்க்க மாட்டாள், தேதிக்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். “என்கிட்ட வர்றவங்களுக்கு பிரேக்கு, இவளுக்கு கமா. ரெண்டு பேரும் ஊரை நிறுத்தித்தான் சம்பாதிக்கிறோம்” என்பார்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. அச்சகத்துக்கு ஆறு மணிக்குள் கோப்பு போக வேண்டும். ஒரு கட்டுரையின் பட்டியலில் முப்பத்தேழாவது பதிவுக்குப் பக்க எண் இல்லை. கிணற்று நீர் உப்பானால் மண் என்ன ஆகும் என்பது பற்றிய பழைய கட்டுரை அது. அதைச் சுட்டியிருந்தவரோ, செல்போன் எட்டாத ஏதோ மேட்டில் மண் தோண்டிக்கொண்டிருந்தார். பக்க எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் கணினி சிவந்துகொண்டு நிற்கும், கோப்பை நகர விடாது. மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“முடிஞ்சுதாம்மா?”

“ஒரே ஒரு நம்பர் சார்.”

“ஒரு நம்பருக்கா ஊரே காத்துக்கிட்டு நிக்குது?”

அவள் 211–219 என்று அடித்தாள். ஏன் 211 என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒன்பது பக்கம் ஒரு கட்டுரைக்கு அளவான நீளம் என்று மட்டும் தோன்றியது. சிவப்பு அணைந்தது. அச்சகத்திலிருந்து திருத்தப்படி வந்ததும் விசாரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திருத்தப்படி வந்தது. பார்த்தாள். அந்தப் பக்கத்திலேயே அழகான பதிவு அதுதான். விட்டுவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து, வேறொருவர் அனுப்பிய கட்டுரையில் அதே 211–219 வந்து நின்றது. ஏற்கெனவே வெளிவந்த பதிவோடு ஒத்துப்போனால் கணினி பச்சை காட்டும். தாராளமாகக் காட்டியது. பிறகு இன்னொருவர். பிறகு வேறு இதழ்களிலும். பழைய தொகுதியைத் தேடிப் போனவர் ஒருவரும் இல்லை, அடுத்தவர் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நான்கு வருடத்தில் பதினொரு கட்டுரைகள். ஒருவர் “குறிப்பாகப் பக்கம் 214 காண்க” என்றே எழுதியிருந்தார். 214-இல் அப்படி என்ன கண்டார் என்று கேட்க அவளுக்கு ஆசைதான். கேட்கும் யோக்கியதை இல்லை.

ஒவ்வொன்றைப் பார்த்த அன்றும் வீட்டில் சாப்பாடு இறங்காது. கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

“என்ன, இன்னிக்கும் பக்கத்தைக் காணோமா?” என்பார் கணவர்.

“இருக்கு. அதான் கஷ்டம்.”

பிறகு அந்தக் கடிதம் வந்தது. எழுதியவள் ஓர் ஆய்வு மாணவி. அவளுடைய மூன்றாம் இயல் முழுக்க அந்த உப்புக் கிணற்றுக் கட்டுரையின் மேல்தான் நிற்கிறதாம். அதை மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மூன்று நூலகங்களில் தேடியிருக்கிறாள். எல்லாவற்றிலும் அந்தத் தொகுதி 196-ஆம் பக்கத்தோடு முடிகிறது. யாரோ கிழித்துவிட்டார்கள் என்று ஒரு நூலகரோடு சண்டையும் போட்டிருக்கிறாள். சுட்டிய ஒவ்வொன்றுக்கும் நகல் காட்டாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போட மாட்டார். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பு போயிற்று. “இந்தப் பக்க எண் முதலில் உங்கள் இதழில்தான் வந்திருக்கிறது. நீங்கள் அதை எங்கே பார்த்தீர்கள்?”

“மேற்கோள்களுக்குக் கட்டுரையாளரே பொறுப்புன்னு ரெண்டு வரி போட்டு அனுப்பிடும்மா” என்றார் மேலாளர்.

“சார், அந்த நம்பர் தப்பு.”

“பதினோரு பேர் போட்டிருக்காங்க, எப்படிம்மா தப்பாகும்? அத்தனை பேரும் முட்டாளா?”

“அந்தப் பதினோரு பேரும் நான்தான் சார்.”

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

“இதை நீ எங்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. திருத்தம்னு ஒண்ணு போட்டா, மத்ததெல்லாம் யார் பார்த்தாங்கன்னு கேப்பாங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மத்ததெல்லாம் சரிதானே?” என்றார்.

“சரிதான் சார்.” அதையும் அவள் சரிபார்த்துச் சொல்லவில்லை.

மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். பல்வலி என்று எழுதிக்கொடுத்தாள், பழைய தொழிலின் பழக்கம். பெரிய நூலகத்தின் அடித்தளத்தில், தூசி தும்மலாகிக்கொண்டிருக்க, தொகுதி தொகுதியாகப் புரட்டினாள். மூன்றாம் நாள் பிற்பகல் கிடைத்தது. அன்று அதைச் சுட்டியவர் கொடுத்திருந்த தொகுதி எண்ணே தவறு. அதற்கு முந்தைய தொகுதியில், பக்கம் 58 முதல் 63 வரை இருந்தது. ஆறே பக்கம். நின்றபடியே படித்தாள். பணியில் சேர்ந்ததிலிருந்து அவள் நேரில் பார்த்த முதல் மூலம் அது.

பழியைப் பங்குபோட ஆள் கிடைத்த நிம்மதி படிக்கட்டு ஏறும்வரைதான் நின்றது. அன்றைக்குக் காலிக் கட்டத்தைக் காலி என்றே சொல்லியிருந்தால், தொகுதி தவறு என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். இருந்த ஓட்டையை எண்ணை வைத்து அடைத்தவள் அவள்.

ஆறு பக்கங்களையும் நகல் எடுத்தாள். கூடவே வைக்க ஒரு கடிதம் எழுதினாள்: “அந்த எண்ணை நானே போட்டேன்.” படித்துப் பார்த்துக் கிழித்தாள். இரண்டாவது கடிதத்தில் “அச்சில் பிழை நேர்ந்துவிட்டது, சரியான பக்கங்களை இணைத்துள்ளேன்” என்று இருந்தது. அதைக் கணவர் வாங்கிப் படித்தார்.

“நீதான் போட்டேன்னு எழுதலையா?”

“எழுதினேன். படிக்க நல்லா இல்ல.”

அவர் உறையை ஒட்டிக்கொடுத்தார். அவர் ஏதாவது கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சில மாதம் கழித்து, அந்த மாணவியின் ஆய்வேடு, அட்டை கட்டி, தபாலில் வந்தது. நன்றியுரையில், நெறியாளருக்கும் பெற்றோருக்கும் அடுத்தபடியாக, இப்படி இருந்தது: “ஒவ்வொரு மூலத்தையும் நேரில் பார்த்துச் சரிபார்க்கும் மேற்கோள் தரக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும், அவருடைய நேர்மைக்கும்.” மேலாளர் அந்தப் பக்கத்தை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். “பாத்தியாம்மா, நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்ட” என்றார். தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு கமாவாவது தப்பாக இருக்காதா என்று பலமுறை பார்த்துவிட்டாள். இல்லை.

ஐந்து நாற்பதுக்கு, தான் பார்க்காத ஒரு கட்டுரைக்கு 211–219 என்று பக்க எண் போட்டாள். நான்கு வருடம் சும்மா இருந்தாள். கேட்ட ஒருத்திக்கு ஆறு பக்கம் நகல் அனுப்பினாள். எண்ணைப் போட்டது யார் என்று அவளிடம் சொல்லவில்லை.