நூல் உச்சிக்கு வந்தால்

நான் கார் ஓடப் பழகியது ஐம்பத்தாறு வயதில். ஆசைப்பட்டுப் பழகவில்லை. முன்சீட்டில் இருந்துகொண்டு, உள்ள தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு போகத் தெம்பில்லாமல் போனபடியால் பழகினேன்.

என் மனுசனுக்குச் சீனி வருத்தம். அது கண்ணுக்குள் இறங்கத் தொடங்கிக் கொஞ்சக் காலம். பகலில் மட்டும் ஓடுங்கள், அடுத்த முறை வரும்போது லைசென்ஸைப் பற்றிக் கதைப்போம் என்று கண் டாக்குத்தர் சொல்லி அனுப்பினார். அந்த அடுத்த முறையை இவர் ஒருநாள் தடிமன் காய்ச்சல் என்றும் இன்னொருநாள் பனி என்றும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. நாங்கள் இருப்பது இல்-பிசார் என்கிற சின்னத் தீவில். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் சோறும் கறியும் சமைத்து முடிக்கலாம். எனக்குச் சமையல் வேலை, பாலத்துக்கு அக்கரையில் டொலார்டில், ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில். காலையில் கொண்டுபோய் விடுவதும் பின்னேரம் வந்து ஏற்றுவதும் அவர்தான்.

ஒருநாள் பின்னேரம், குழந்தைகள் காப்பகம் ஒன்றின் முன்னால் இருக்கிற ஸ்டாப் பலகையில் அவர் நிற்கவே இல்லை. பிள்ளையை வைத்த தள்ளுவண்டிலோடு தெருவில் கால் வைத்த ஒரு பெண் வண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

“உவள் ஏன் கத்துறாள்?” என்றார்.

“ஸ்டாப்பிலை நிக்கேல்லை நீங்கள்.”

“வெயில் கண்ணுக்கை அடிச்சுப் போட்டுது.”

அன்று வெயிலே இல்லை. வானம் முழுக்க மந்தாரம்.  வீட்டுக்கு வந்து, இனி ஓட வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். நகரத்தின் மற்ற அந்தத்தில், புரோசார்டில் இருக்கிற மகள் தன் வீட்டு நிலக்கீழ் அறைக்கு வரச்சொல்லிக் கேட்டபடிதானே, போவோம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“பேய்க்கதை கதையாதையும். நான் ஓடாமல் உம்மை ஆர் வேலைக்குக் கொண்டுபோய் விடுறது? நீர் லைசென்ஸை எடும். எடுக்கிற அண்டைக்கே கார்த் திறப்பை உம்மட கையிலை தாறன். அதுமட்டும் நான்தான் ஓடுவன்.”

ஆக, நான் பிந்துகிற ஒவ்வொரு கிழமையும் அந்தக் கண் தெருவில் போகும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பழகுகிறவர் ஓடும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் இருக்கவேண்டும். நான் டாக்குத்தரிடம் உண்மையைச் சொன்னால் இவருடைய லைசென்ஸ் போய்விடும், எனக்குப் பக்கத்தில் இருக்க ஆளில்லை. சொல்லாவிட்டால் அவர் ஓடுவார். எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. யாரிடம் சொல்லி அழுவது என்றும் தெரியவில்லை.

முதல் பாடம் அவரிடம்தான், கடைகள் பூட்டின ஒரு கார் நிறுத்துமிடத்தில். பவர் ஸ்டியரிங் இல்லாத வான் வண்டியை ஊரில் ஓடிய கை அவருடையது. வளைவு வந்தால் சக்கரத்துக்குள் கையை விட்டு, கீழிருந்து அள்ளித் திருப்புவார். அதை நான் செய்தால் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. திருப்புவது பரவாயில்லை. திருப்பியதை எவ்வளவு திரும்ப விடுவது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கார் குடித்தவன் மாதிரி அங்கும் இங்கும் போனது.

“நூலைப் பாரும்,” என்றார். “நூல் உச்சிக்கு வந்தால் சில்லு நேர்.”

கார் வாங்கினால் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் ஓடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நசுக்கி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் உச்சியில் ஐயர் மஞ்சள் நூல் ஒன்று கட்டிவிடுவார். வருடா வருடம் புது நூல். இத்தனை வருடத்தில் இவர் அந்த நூலைத் திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. இப்போது எங்கிருந்து இந்த ஞானம் வந்தது என்று அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது பலித்தது. வளைந்து முடிந்ததும் நூலை உச்சிக்குக் கொண்டுவந்தேன், கார் சொன்ன சொல் கேட்டது. முருகா, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் நூல் இல்லை. இரண்டாம் நாள் நான் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை உரித்து ஸ்டியரிங்கின் உச்சியில் ஒட்டிவிட்டேன். எனக்குப் பழக்கித் தந்தவர் ஒரு ஹெயிட்டிப் பெண், நல்ல பொறுமைசாலி. பொட்டை அவர் கொஞ்ச நேரம் கவனிக்கவில்லை. நான் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் கை வைத்து, ஒரு கையால் இழுத்து மறு கையால் தள்ளி, அவர் சொன்னபடி கைகளைக் குறுக்கே போடாமல் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் தலை குனிந்தே இருந்தது.

“மதாம், அங்கே என்ன பார்க்கிறீர்கள்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

என் குசினிப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பொட்டை நகத்தால் கிளப்பி எடுத்து என் நெற்றியிலேயே திரும்ப ஒட்டினார். சிரிப்பு நின்றதும் தூரத்தில் இருந்த சிவப்பு விளக்கைக் காட்டி, “லுவான், மதாம், லுவான்,” என்றார். தூரப் பார், கண் போகிற இடத்துக்குக் கை தானாகப் போகும் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன். அடுத்த வளைவில் என் கண் பொட்டில்லாத ஸ்டியரிங்கில்தான் பொட்டைத் தேடியது.

பரீட்சைக்கு டிரைவிங் ஸ்கூல் காரில் வரச்சொல்லி அந்தப் பெண் கேட்டார். நான் எங்கள் கார்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நூல் இருந்தால் எனக்குப் பயமில்லை. ஒரு கிழமைக்கு முதல் கோயிலுக்குப் போய்ப் புது நூல் வேறு கட்டுவித்தேன். நல்ல பளிச்சென்ற மஞ்சள்.

பரீட்சை எடுத்த மனிதர் மரியாதையானவர். பாதி வழி ஒரு பிழையும் இல்லை. பிறகு ஒரு ஒடுக்கமான தெருவில், ஓரத்தில் நின்ற இரண்டு காருக்கு நடுவில் பின்னுக்கு எடுத்து நிறுத்தச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்து முழுக்கச் சுற்றினேன், பிறகு மற்றப் பக்கம் முழுக்கச் சுற்றினேன். ஒருமாதிரி உள்ளே வந்துவிட்டது. கொஞ்சம் முன்னுக்கு எடுத்து நேராக்கச் சொன்னார். நூலைப் பார்த்தேன். உச்சியில் நின்றது. காலை அமத்தினேன். கார் வலப்பக்கமாக ஏறி, முன்சில்லு நடைபாதையில் போய்க் குந்தியது.

ஸ்டியரிங் ஒரு பக்கம் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றும் என்பது என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. முழுச்சுற்று ஒன்று சுற்றினாலும் நூல் உச்சிக்குத்தான் வரும், சில்லு கோணித்தான் நிற்கும். கார் அசைந்ததுமே அது கண்ணாடியால் வெளியே பார்க்கிற எவருக்கும் தெரியும். நான் வெளியே பார்க்கவில்லை.

மனிதர் கடதாசியில் எதையோ எழுதி, மெல்ல ஓடித் திரும்பிப் போகச் சொன்னார். கிழிந்தது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பரீட்சை மண்டபத்து வாசலில் என் மனுசன் குளிருக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  நான் அழுகையோடு வெடித்தேன்.

“உங்கட நூலும் நீங்களும். முழுச்சுத்துச் சுத்தினா நூல் பொய் சொல்லும் எண்டு ஏன் சொல்லேல்லை?”

“அது வளைவுக்குச் சொன்னதப்பா. ஆனைக்கும் அடி சறுக்கும். பேந்து எடுக்கலாம், விடும். அழுதுகொண்டு ஓடேலாது, நான் ஓடுறன், அங்காலை இரும்.”

களைத்துப்போயிருந்தேன். பக்கத்துச் சீட்டில் போய் இருந்தேன். அவர் காரை இயக்கினார். நான் நிறுத்தியிருந்த இடம் கோணல், ஸ்டியரிங்கும் திரும்பினபடி கிடந்தது. அவர் ஒரு பக்கம் திருப்பினார், மற்றப் பக்கம் திருப்பினார். பிறகு கையை நிறுத்தினார். என் பக்கம் திரும்பாமல், மெல்லிய குரலில் கேட்டார்.

“நூல் மேலையோ நிக்குது?”

அந்த நூல் அவருடைய மூக்குக்கு நேரே இருந்தது. புது நூல், பளிச்சென்ற மஞ்சள். அவருக்கு அது தெரியவில்லை. அவர் ஏன் ஒருநாளும் பார்க்காத நூலைப் பார்க்கத் தொடங்கினார் என்பதும், தெருவை விட்டுவிட்டு அதையே எவ்வளவு காலமாகப் பிடித்துக்கொண்டு ஓடினார் என்பதும் எனக்கு அந்த நொடியில் விளங்கின. இப்போது அதுவும் போய்விட்டது. அந்தத் தள்ளுவண்டில்காரியின் முகம் கண்ணுக்குள் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. 

கையை நீட்டித் திறப்பைத் திருப்பிக் காரை நிறுத்தினேன்.

“இறங்குங்கோ.”

“நீர் இப்பதானே பெயில் விட்டனீர்.”

“ஓம், பெயில்தான். ஆனா எனக்கு றோட்டுத் தெரியுது.”

அவர் இறங்கி, காரின் மூக்கைக் கையால் தடவித் தடவிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். நான் மற்றப் பக்கம் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சட்டத்துக்கு அவர் எனக்குத் துணை. அன்றைக்கு மட்டும் அந்தச் சட்டம் போதும் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்குக் காலை கண் டாக்குத்தருக்கு நானே போன் எடுப்பது என்றும் முடிவுசெய்தேன். பிறகு எனக்குப் பக்கத்தில் யார் இருப்பது, வேலைக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் அடுத்த பாடு.

எப்போதும் நான் ஓடும்போது அவர் பக்கத்தில் இருந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார், ஸ்டியரிங்கை எட்டிப் பிடிப்பார். அன்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறும்போது பக்கக் காற்று அடித்தது. நான் பாலத்தின் மற்றக் கரையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

“நேராத்தான் போறமோ?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, திறப்பை எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன்.