கடைசி வாங்கில் ஒரு ஆமென்

சென்ற வாரம் கண்டியில் ஒரு விவாத மேடையில் பேசி முடித்தேன். கைதட்டல் எழுந்தது, ஓய்ந்தது, நடுவர் அடுத்தவரை அழைத்தும்விட்டார். நான் மட்டும் ஒலிவாங்கியைப் பற்றியபடி நின்றேன். இன்னும் ஒரு சொல்லுக்காக என் செவி காத்திருந்தது. வெளியே மழை. யாருடைய குடையிலிருந்தோ வந்த ஈரவாடையில் என் ஊர் புசல்லாவை எழுந்து நின்றது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிறிய தேவாலயத்திலும் அதே வாடைதான். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் விடியற்காலையில் ஒருவர் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிக்க வேண்டும். பட்டியலில் இருந்த பெயர்களைக் குளிர் ஒவ்வொன்றாக அழித்தது, எஞ்சியவன் நான். பக்தி என்று எண்ணிவிடாதீர்கள், நண்பரே. பாடசாலை விவாதப் போட்டிக்குக் குரல் பழக எனக்கு ஒரு மண்டபம் தேவைப்பட்டது.

பெரியம்மா மகள் எஸ்தர் அக்கா கதவைத் திறந்து மணியடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள்.

"கேக்க ஒரு ஆளும் இல்ல. யாருக்குக்கா வாசிக்கிறது?"

"கை தட்டுனாத்தான் தொரைக்குத் தொண்ட தொறக்குமோ? வாசிடா. எனக்குப் பெரட்டுக்கு நேரமாச்சு, வேலைக்குப் பேரு பதியணும்."

அமர ஆளில்லாத மர வாங்குகளுக்கு முன் கையுயர்த்தி முழங்கினேன். கைதட்டல் வரவேண்டிய இடங்களில் நிறுத்தினேன். பனி மட்டும் உள்ளே வந்து அமர்ந்தது.

மூன்றாம் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. அலங்காரத்துக்கு வலுவில்லை. சொல் சொல்லாக, என்னை மறந்து வாசித்து ஜெபித்தேன். முடித்ததும் கடைசி வாங்கிலிருந்து தாழ்ந்த குரலில், "ஆமென்."

அங்கே யாருமில்லை. வாங்கின் மேல் படிந்த தூசிகூடக் கலையவில்லை.

தேயிலை மலைக்கு ஓடினேன். அக்கா கொழுந்திலிருந்து கையெடுக்காமலே கேட்டாள்.

"இப்பத்தான் ஒனக்குக் கேட்டுச்சா?"

"யாருக்கா அது?"

"நான் கேட்டுக்கல. பதில் வருதுல்ல, போதாதா?"

மறுநாள் அந்தக் குரலுக்காகவே அழகாக வாசித்தேன், ஒன்றும் வரவில்லை. என்னை மறந்த நாள்களில் மட்டுமே அது வந்தது. மெல்ல மெல்ல அச்சம் பசியாயிற்று. மணிக்கு முன்பே விழித்தேன். நான் தொடங்கிய பயிற்சி என்னைப் பயிற்றத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் போட்டி வந்தது. அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டு, முதல்நாளே கண்டிக்குப் போய்விட்டேன். 'ஒரு காலைதானே' என்று என்னோடு நானே வாதிட்டு எளிதில் வென்றேன். கோப்பையையும் வென்றேன்.

திரும்பியதும் மலையில் அக்கா சிரித்தாள். "நேத்து என்னடா அப்புடி வாசிச்ச? ஆமென் மலை வரைக்கும் கேட்டுச்சே."

"நேத்து நான் கண்டியிலக்கா."

முதன்முறையாக அவள் கை நின்றது.

மீதி நாள்கள் அத்தனையும் தவறாமல் வாசித்தேன். குரல் வரவேயில்லை. இன்று அந்தத் தேவாலயத்துக்குக் கூரையில்லை. வாங்குகளை யாரோ விறகுக்குக் கொண்டுபோனார்கள். எந்த மேடையிலும் என் தரப்பை நிறுவிவிடுவேன். அந்த ஒரு காலைக்கு மட்டும் என்னிடம் வாதமில்லை: வராதவன் நான், ஆமென் சொல்ல அவர் வந்திருந்தார்.