ஜன்னலை அடைத்துவிட்டு எடுத்த தூசி

மூன்று வருடத்துக்கு முன், பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. சிறு வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. தூசி பட்டால் போதும், மூச்சு வாங்கும்.

பக்கத்து வீட்டில் என் கொழுந்தன் மனைவி இருக்கிறாள். கொழுந்தன் வளைகுடாவிலிருந்து வந்தபோது அவளுக்கு தூசி உறிஞ்சும் வாக்யூம் கிளீனர் ஒன்று கொண்டுவந்தார். அதன் பிறகு என் மகள் பள்ளி விட்டதும் அங்கேதான் போவாள். "சித்திக்க வீட்டுல பொடியே கெடையாதும்மா. அங்க கெடந்தா எனக்கு இழுப்பு வராது ஆக்கும்" என்பாள். தினம் இரண்டு வேளை பெருக்குகிற எனக்கு வயிறு எரியும். பெற்றவள் நான் இருக்க, மூச்சு விட அவளுக்குச் சித்தி வீடு வேண்டுமா? அந்த இயந்திரத்தை ஒரு நாள் இரவல் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் கொழுந்தன் மனைவி வழக்கம்போல் வீட்டுச் சாவியை என்னிடம் தந்துவிட்டுக் காட்டாக்கடை ஊருக்குப் போனாள். நான் இயந்திரத்தை எடுத்து வந்துவிட்டேன். சத்தம் கேட்டு யாராவது அவளிடம் சொல்லிவிடக் கூடாதே என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தேன். மெத்தை, கட்டிலுக்கு அடி, அலமாரிக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடவில்லை. புழுதி வாடை அடித்தது. நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மகள் வந்ததும், "இன்னைக்கு நம்ம வீட்டுல படுத்துப் பாரு மக்கா" என்றேன் பெருமையாக.

கால் மணி நேரத்தில் இழுப்பு தொடங்கிவிட்டது. இன்ஹேலர் அடித்தும் நிற்கவில்லை. உதடு வெளிறியது. நான் முதுகை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சாவி வாங்க வந்தாள் கொழுந்தன் மனைவி. மூலையில் இருந்த இயந்திரத்தைப் பார்த்தாள். பிள்ளையை வெளியே கொண்டுவந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

மகளுக்கு மூச்சு சீரான பிறகுதான் கொழுந்தன் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"எக்கா, அதுக்க பில்டரைக் கழுவிக் கொடியில காயப் போட்டிருந்தேன். அது இல்லாம ஓட்டினா நைசுப் பொடி பூரா பின்னால வழியா வீட்டுக்குள்ளதான் வந்து நிக்கும். அந்த நேரம் சன்னலையும் அடைச்சு வச்சியளே, எதுக்கு?"

"நீ அறியாண்டாம்னு நெனச்சேன்."

"கேட்டா தரமாட்டேனா? இது எனக்க பிள்ளையும் ஆக்கும்!"

அந்த நேரத்திலும் 'எனக்க பிள்ளை' என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

இப்போது சனிக்கிழமைதோறும் நானே போய்க் கேட்டு வாங்குகிறேன். பொறாமை முழுதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் என் மகள் நிம்மதியாக மூச்சு விடுகிற இடம் என் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்ற என் வீம்புதான் அன்று அவள் மூச்சை அடைத்தது என்பதை, அவள் இருமும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.