ஆச்சுங்க

எங்கள் பக்கத்தில் யாராவது "சாப்டீங்களா?" என்று கேட்டால், வெறும் வயிறாக இருந்தாலும் "ஆச்சுங்க" என்றுதான் சொல்வோம். அந்த வாய்ப்பழக்கம் என்னைக் கொல்லப் பார்த்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். புராஸ்டேட்டில் ஊசியால் சதை எடுத்து, கேன்சரா என்று பார்க்க டெஸ்டுக்கு அனுப்பிய அன்று, நர்ஸ் எல்லோர் முன்னாலும் சத்தமாக, "ஒண்ணுக்குப் போனீங்களா?" என்றார். கூச்சத்தில் "ஆச்சுங்க" என்றேன். உண்மையில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தாராபுரம் பஸ்ஸில் தனியாக ஏறினேன். அவிநாசிபாளையம் நெருங்குவதற்குள் அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வேலியோரம் நின்றேன். முட்டுகிறது, வரவில்லை. ரத்தக்கட்டி ஒன்று விழுந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பனியன் வியாபாரி பாய் ஒருவர் என் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். "ஏனுங்க, வரலீங்களா?"

"ஆச்..." என்று ஆரம்பித்தவன் அழுதுவிட்டேன். "இல்லீங்க. ஒரு சொட்டு வரலீங்க. பயமா இருக்குதுங்க."

பஸ்ஸை அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து அவரே என்னை ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கூட்டிப்போனார். ரத்தம் கட்டி வழியை அடைத்திருந்ததாம். டியூப் போட்டதும் அதில் மாட்டிய பை நிரம்பியது. எனக்கு உயிர் திரும்பியது.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. நேற்று என் மனைவி, "பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். வாய்வரை வந்த "அதெல்லாம் இல்ல"வை விழுங்கிவிட்டு, "ஆமா புள்ள" என்றேன்.

"எனக்குந்தானுங்க" என்றாள்.